40 நம்பர் கோட்டும் பெண்ணாடம் டெய்லரும்... தோளில் தொடங்குது அளவு ரகசியம்!

விருத்தாசலம் ஜங்ஷனைத் தாண்டி திருச்சியை நோக்கிப் போகிற ரயில், கொஞ்ச நேரத்திலேயே கரும்பு வயல்களுக்கு நடுவில் மெதுவாகி நிற்கும். அதுதான் பெண்ணாடம். கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இருக்கிற சின்ன ஊர். பக்கத்திலேயே வெள்ளாறு. ஆற்றைத் தாண்டினால் அரியலூர் மாவட்டம், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமென்ட் ஆலைகள்.

ஊரின் பழைய பெயர் பெண்ணாகடம். பெண், ஆ, கடம் என மூன்று சொற்கள் சேர்ந்தது. தேவகன்னியர், காமதேனு, ஐராவதம் என்ற யானை ஆகிய மூவரும் வழிபட்ட தலம் என்பதால் இந்தப் பெயர் என்கிறது தலபுராணம். சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் பிறந்த ஊரும் இதுதான்.

ஊருக்கு நடுவே இருக்கிற பிரளயகாலேஸ்வரர் கோயிலுக்குத் தேவாரத்தில் 'தூங்கானை மாடம்' என்று பெயர். கருவறைக்கு மேலே இருக்கிற விமானத்தைப் பின்பக்கம் போய்ப் பார்த்தால் காரணம் புரியும். மூலைகளே இல்லாமல் வளைந்து, படுத்திருக்கும் யானையின் முதுகு போலவே இருக்கும். சதுரக் கல்லைக் கொண்டு வளைந்த முதுகைக் கட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கோயிலிலிருந்து கடைத்தெரு பக்கம் நடந்தால், தட்டையான துணியை வைத்து வளைந்த முதுகுக்குக் கோட் தைக்கிற ஒரு பெரியவரின் கடை வரும்.

எட்டுக்குப் பத்து கடை

எட்டடிக்குப் பத்தடி இருக்கும் கடை. வாசலில் ஒரு மிஷின், உள்ளே கட்டிங் டேபிள், சுவரில் ஆளுயரக் கண்ணாடி. ஆணியில் தொங்குகிற இன்ச் டேப். அலமாரியில் அட்டை கிழிந்த அளவு நோட்டுகள். தீபாவளி, பொங்கல் என்றால் சட்டை, பேன்ட். ஜூன் மாதம் என்றால் பள்ளிக்கூட யூனிஃபார்ம். மற்ற நாள்களில் பேன்ட் அடி மடிப்பது, ஜிப் மாற்றுவது மாதிரியான ஆல்டரேஷன் வேலைதான்.

டெய்லருக்கு அறுபத்து மூன்று வயது. சின்ன வயதில் காஜா எடுக்கிற பையனாகத் தொழிலுக்கு வந்தவர். அப்புறம் சென்னையில் ஒரு பெரிய கடையில் கோட் கட்டிங் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். பிள்ளைகள் இருவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். "பேரைப் போடாதீங்க. வேலையைப் பத்தி மட்டும் எழுதுங்க" என்பது மட்டும்தான் அவர் வைத்த நிபந்தனை.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்த ஒரு வியாழக்கிழமை. பக்கத்துக் கிராமத்துக் கரும்பு விவசாயி ஒருவர், மகனைக் கூட்டிக்கொண்டு பத்திரிகை வைக்க வந்தார். இருவருக்கும் முப்பது வருடப் பழக்கம்.

"மாப்பிள்ளைக்கு ரிசப்ஷனுக்கு என்ன டிரெஸ்?" என்று டெய்லர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஆன்லைன்ல கோட் வாங்கிட்டான் அண்ணே. கை மட்டும் கொஞ்சம் நீளமா இருக்கு. ஒரு இன்ச் குறைச்சிக் குடுத்திடுங்க."

பையிலிருந்து வெளியே வந்தது கருநீலக் கோட். கழுத்துப் பட்டையில் 40 என்று போட்டிருந்தது.

ஒரே நம்பர், ரெண்டு கணக்கு

சென்னையில் அலுவலக வேலை பார்க்கும் மாப்பிள்ளை கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். டெய்லர் கையைப் பார்க்கவே இல்லை. தோளைப் பார்த்தார்.

"தம்பி, 40 எப்படிப் போட்டீங்க?"

"நான் எப்பவும் 40 நம்பர் சட்டைதான் பெரியப்பா போடுவேன்."

நிறைய பேர் ஏமாறுகிற இடம் இதுதான். கடையில் விற்கும் ரெடிமேட் ஃபார்மல் சட்டையில் 38, 39, 40, 42 என்று இருப்பது பெரும்பாலும் காலர் அளவு. அதுவும் சென்டிமீட்டரில். 40 சென்டிமீட்டர் என்பது பதினைந்தே முக்கால் இன்ச் கழுத்து. கோட்டில் 40 என்று போட்டிருந்தால் அது மார்புச் சுற்றளவு, இன்ச் கணக்கில். அதாவது, 40 இன்ச் மார்பு இருக்கிற உடம்புக்கான கோட். பட்டனைப் போட்டு கோட்டையே அளந்தால் இன்னும் சில இன்ச் கூடுதலாகத்தான் வரும். மூச்சு விடவும் கையை அசைக்கவும் விட்டிருக்கும் இடம் அது.

டெய்லர் டேப்பை எடுத்தார். மாப்பிள்ளையின் மார்பு முப்பத்தேழரை. அவருக்குப் பொருந்த வேண்டியது 38.

பேன்ட்டிலும் இதே கதைதான். ரெடிமேட் சூட்டில் கோட்டும் பேன்ட்டும் ஜோடியாக வரும்போது, வழக்கமாக மார்பைவிட இடுப்பு 6 இன்ச் குறைவாக இருக்கும். 40 கோட்டுக்கு 34 பேன்ட். "நம்ம பக்கம் வர்றவங்களுக்கு செஸ்ட் 38, இடுப்பு 36னு இருக்கும். அந்தக் கணக்கு எந்த ஊரு உடம்புக்குப் போட்டதோ!" என்று சிரிக்கிறார் டெய்லர்.

அவர் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆண்களின் உடம்பை நம்பர்களாகப் பிரித்து மொத்தமாகத் துணி தைக்கும் முறைக்குப் பெரிய உந்துதல் தந்தது அமெரிக்க உள்நாட்டுப் போர். 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரில் லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு ஒவ்வொருவராக அளவெடுக்க நேரமில்லை. மார்பளவை வைத்து சைஸ் பிரித்தார்கள். நம் நாட்டு உடம்புக்கென்று தனி அளவு அட்டவணை வேண்டும் என்று மத்திய அரசின் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், 'இந்தியா சைஸ்' என்ற திட்டத்தைக் கையில் எடுத்தது சமீபத்திய வருடங்களில்தான். ஆறு நகரங்களில் 25,000 பேரை ஸ்கேனர் மூலம் அளப்பது அதன் திட்டம்.

கும்பிடு போட்டுப் பாருங்க!

"கையைக் குறைக்கிறது பத்து நிமிஷ வேலை தம்பி. ஆனா உங்க கோட்டுல பிரச்னை கையில இல்ல. கும்பிடு போடுங்க பார்ப்போம்" என்றார் டெய்லர்.

மாப்பிள்ளை இரண்டு கைகளையும் குவித்தார். கோட் மொத்தமும் மேலே ஏறியது. காலர் கழுத்தை விட்டுப் பிரிந்து பின்னால் இடைவெளி விட்டது. தோள் பட்டை காது பக்கம் போனது. கையை இறக்கியதும், தோளுக்குக் கீழே இரண்டு பக்கமும் துணி குழிவிழுந்து நின்றது.

"ரிசப்ஷன்ல மூணு மணி நேரம் இதைத்தானே பண்ணப்போறீங்க? கும்பிடுவீங்க, கை குடுப்பீங்க, தோள்ல கை போட்டு போட்டோ எடுப்பீங்க. ஒவ்வொரு போட்டோவிலும் இந்தக் குழி தெரியும்" என்றார்.

கோட்டின் தோள் தையல், நம் தோள் எலும்பு முடிகிற இடத்தில் முடிய வேண்டும். அதைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே தாங்க எலும்பு இல்லாமல் துணி கீழே விழுந்து குழியாகும். உள்ளே தள்ளியிருந்தால் கையின் மேல்பகுதி புடைத்துக்கொண்டு நிற்கும்.

கோட்டில் மற்ற எதையும் ஓரளவு சரிசெய்யலாம். பக்கத் தையலைப் பிடித்து இடுப்பைக் குறைக்கலாம். கையைச் சுருக்கலாம். உள்ளே துணி இருந்தால் நீட்டவும் செய்யலாம். ஆனால், தோளைத் தொட வேண்டுமென்றால் கையைக் கழற்ற வேண்டும், காலரைப் பிரிக்க வேண்டும், உள்ளே இருக்கிற பேடு, கேன்வாஸ், லைனிங் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். கிட்டத்தட்டப் புதுக் கோட் தைக்கிற வேலை. அதற்குப் பிறகும் ஆம்ஹோல் எனப்படும் கை சேரும் வளையம், இருந்த இடத்துக்குத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

"திருப்பி அனுப்பிட முடியாதா?" என்று அப்பா கேட்டார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். திருப்பி அனுப்பும் தேதி முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

மண்டபம், சமையல், நகை என்று பட்ஜெட் ஏற்கெனவே தாண்டிவிட்டது. இன்னொரு கோட் என்றால் துணி, கூலி என்று மறுபடியும் செலவு. "இருக்கட்டும் பெரியப்பா, ஒருநாள் கூத்துதானே. இதையே போட்டுக்கிறேன்" என்றார் மாப்பிள்ளை.

டெய்லர் உடனே பதில் சொல்லவில்லை. அவருக்கும் யோசனை இருந்தது. ஒரு கோட்டுக்கு இரண்டு ட்ரையலாவது பார்க்க வேண்டும். ஒன்பது நாளில் முடியுமா என்பது ஒரு கேள்வி. கோட் தைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கண்ணும் முன்பு மாதிரி இல்லை. ஒத்துக்கொண்டு சொதப்பினால் முப்பது வருடப் பழக்கம் என்ன ஆவது?

கடைசியில் அப்பாதான் முடிவெடுத்தார். "நான் கோட் போட்டதே இல்ல அண்ணே. என் புள்ளை முதல் தடவை போடுறான். இரவல் வாங்கின மாதிரி நிக்கக் கூடாது."

"துணி மூணே கால் மீட்டர் எடுத்துட்டு வாங்க. கூலியைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்று நோட்டைத் திறந்தார் டெய்லர்.

டேப் சொல்லாததைக் கண் சொல்லும்

அளவெடுப்பதற்கு முன்னால் டெய்லர் சொன்ன முதல் விஷயம், "பாக்கெட்ல இருக்கிற போன், பர்ஸ் எல்லாத்தையும் வெளியே வைங்க." இரண்டாவது, "வயித்தை உள்ளே இழுக்காதீங்க." மூன்றாவது, "விறைப்பா நிக்காதீங்க. பஸ்ஸுக்கு எப்படி நிப்பீங்களோ அப்படி நில்லுங்க."

அளவெடுக்கும்போது மட்டும் நிமிர்ந்து நின்றால், கோட் அந்த ஐந்து நிமிட உடம்புக்குத்தான் பொருந்தும். ரிசப்ஷன் மேடையில் நிற்கப்போவது வேறு உடம்பு.

மார்பை அளக்கும்போது டேப் முதுகுப் பக்கம் கீழே இறங்காமல் நேராகச் சுற்றியிருக்க வேண்டும். உள்ளே இரண்டு விரல் போகிற அளவு தளர்வு வேண்டும். தோள், முதுகு அகலம், கை நீளம், மார்பு, வயிறு, சீட், கோட் உயரம் என்று வரிசையாக நோட்டில் ஏறின. பேன்ட்டுக்கு இடுப்பு, சீட், தொடை, முட்டி, பாட்டம், நீளம். ரிசப்ஷனுக்குப் போடப்போகிற ஷூவைப் போட்டுக்கொண்டால்தான் பேன்ட் நீளம் சரியாக வரும் என்பதால், அதை மட்டும் மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்.

டேப்பை வைத்துவிட்டு அவர் மாப்பிள்ளையைச் சுற்றி வந்தார். முன்னால், பக்கவாட்டில், பின்னால். பிரளயகாலேஸ்வரர் கருவறையில் மூன்று பக்கமும் சாளரம் உண்டு. சுற்றி வரும்போது எந்தப் பக்கமிருந்தும் சுவாமியைப் பார்க்கலாம். அந்த ஊர்க்காரருக்கு மூன்று பக்கமும் பார்ப்பது புதிதா என்ன?

பின்னாலிருந்து பார்த்தபோதுதான் அது தெரிந்தது. வலது தோள் இடது தோளைவிட அரை இன்ச் இறங்கியிருந்தது. தினமும் ஒரே பக்கம் லேப்டாப் பை. பக்கவாட்டில் பார்த்தால் தலை கொஞ்சம் முன்னால் போய், முதுகு லேசாக வளைந்திருந்தது. நாள் முழுக்க ஸ்கிரீன் முன்னால் உட்காருவதன் அடையாளம்.

'வ. தோ. ½ இறக்கம், முதுகு உருண்டை' என்று நோட்டில் எழுதிக்கொண்டார். எந்த ரெடிமேட் கோட்டிலும் இல்லாத இரண்டு குறிப்புகள். இறங்கிய தோளுக்கு உள்ளே பேடு கொஞ்சம் கூட்டுவார். வளைந்த முதுகுக்குப் பின்பக்கத் துணியைக் கொஞ்சம் நீளமாக வெட்டுவார். இல்லையென்றால் காலர் கழுத்தில் உட்காராது.

"யாருக்கும் ரெண்டு தோளும் ஒண்ணா இருக்காது தம்பி. மூட்டை தூக்குறவருக்கு ஒரு மாதிரி, டிராக்டர் ஓட்டுறவருக்கு ஒரு மாதிரி. உடம்புல குறைன்னு நினைச்சுக்காதீங்க. உழைச்ச உடம்புல அது பதிஞ்சிருக்கும், அவ்வளவுதான்" என்றார்.

பெண்ணாடத்துக்கு இந்தத் தோள் விஷயம் பழையது. அப்பர் சுவாமிகள், சமணத்தில் இருந்துவிட்டுத் திரும்பிய தன் உடம்போடு உயிர்வாழ விருப்பமில்லை என்று சொல்லி, சூலமும் ரிஷபமும் பதித்துத் தரும்படி இறைவனிடம் கேட்டது இந்தக் கோயிலில்தான். பூதகணம் ஒன்று வந்து அவரது தோளில் அந்தக் குறிகளைப் பொறித்தது என்கிறது பெரியபுராணம்.

வெள்ளை நூல் ட்ரையல்

வெள்ளிக்கிழமை காலை விருத்தாசலம் போய்த் துணி எடுத்து வந்தார்கள். மதியமே கட்டிங். ஞாயிற்றுக்கிழமை முதல் ட்ரையல்.

அன்றைக்கு மாப்பிள்ளை போட்டுப் பார்த்தது கோட் மாதிரியே இல்லை. கை ஒரு பக்கம்தான் இருந்தது. காலர் இல்லை. கருநீலத் துணி முழுக்க வெள்ளை நூலில் பெரிய பெரிய ஓட்டுத் தையல். எப்போது வேண்டுமானாலும் உருவி எடுக்கலாம் என்பதற்காகத்தான் அந்த வெள்ளை நூல். டெய்லர் சாக்பீஸால் அங்கங்கே கோடு போட்டார். முதுகில் ஒரு இடத்தில் குண்டூசி குத்தினார். மேல் பட்டனுக்கு நேராகத் துணியைச் சேர்த்துப் பிடித்தார்.

பட்டன் போடும் இடத்திலிருந்து நான்கு பக்கமும் சுருக்கம் கிளம்பி 'எக்ஸ்' மாதிரி தெரிந்தால் கோட் இறுக்கம். கைமுஷ்டியை உள்ளே விட்டு எடுக்கும் அளவு இடம் இருந்தால் சரி. இரண்டு பட்டன் கோட்டில் மேல் பட்டனை மட்டும்தான் போட வேண்டும், கீழ் பட்டனைப் போடக் கூடாது என்பது வழக்கம். இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டு தொப்பை காரணமாகக் கீழ் பட்டனைத் திறந்துவிட, அரண்மனையில் எல்லோரும் அதையே பின்பற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, இன்றைக்குக் கோட்டுகள் கீழ் பட்டன் திறந்திருக்கும் என்ற கணக்கில்தான் வெட்டப்படுகின்றன. அதைப் போட்டால் இடுப்புக்குக் கீழே இழுக்கும்.

"இப்போ கும்பிடு போடுங்க" என்றார் டெய்லர்.

மாப்பிள்ளை கை குவித்தார். கை மட்டும் மேலே போனது. கோட் நின்ற இடத்திலேயே நின்றது.

ஆம்ஹோலை அக்குளுக்குப் பக்கமாக, உயரமாக வெட்டியதுதான் காரணம். ரெடிமேடில் பல உடம்புக்கும் பொருந்த வேண்டும் என்று அதை இறக்கி வெட்டுவார்கள். வளையம் இறங்க இறங்க, கையைத் தூக்கினால் கோட்டும் சேர்ந்து ஏறும்.

மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மகனின் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கோட் எடுக்கப்போறீங்களா? இதைக் கவனிங்க!

புதுசு தைத்தாலும், ரெடிமேட் வாங்கினாலும், வாடகைக்கு எடுத்தாலும் பார்க்க வேண்டியவை இவைதான் என்கிறார் டெய்லர்.

• முதலில் தோள். அது பொருந்தவில்லை என்றால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம்.

• பின்னாலிருந்து யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கோட் காலர், சட்டைக் காலரை ஒட்டி உட்கார வேண்டும். சட்டைக் காலர் சுமார் அரை இன்ச் வெளியே தெரிய வேண்டும்.

• கையைத் தொங்கவிட்டால் கோட் கை மணிக்கட்டு எலும்பில் முடிய வேண்டும். சட்டை கஃப் கால் இன்ச் முதல் அரை இன்ச் வரை எட்டிப் பார்க்கலாம்.

• கோட் உயரம் பின்பக்கத்தை மூட வேண்டும்.

• பேன்ட் அடி, ஷூவின் மேல் ஒரே ஒரு லேசான மடிப்போடு உட்கார்ந்தால் போதும். குவிந்து கிடந்தால் உயரம் குறைந்து தெரிவீர்கள்.

• ஆன்லைனில் வாங்கினால் சட்டை நம்பரை நம்பாதீர்கள். மார்பை இன்ச் டேப்பில் அளந்து, அந்தக் கடையின் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். வந்த அன்றைக்கே போட்டுப் பாருங்கள். திருப்பி அனுப்பும் தேதியை போனில் குறித்துவையுங்கள்.

• தைக்கக் கொடுப்பதாக இருந்தால் ஒரு மாதம் முன்னால் போங்கள். ஒன்பது நாளில் தைத்துத் தருகிற பெரியப்பா எல்லோருக்கும் கிடைக்க மாட்டார்.

உள்ளே மடித்துவைத்த துணி

செவ்வாய்க்கிழமை இரண்டாவது ட்ரையல். வியாழக்கிழமை இரவு கடையில் வெகுநேரம் விளக்கு எரிந்தது. மிஷினில் போட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று தெரிந்தும், கோட்டின் காஜாவைக் கையாலேயே எடுத்துக்கொண்டிருந்தார் டெய்லர். சின்ன வயதில் முதன்முதலில் கற்றுக்கொண்ட வேலை அது. ஊசியில் நூல் கோக்க மட்டும் பக்கத்து மருந்துக்கடைப் பையனைக் கூப்பிட வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அப்பாவும் மகனும் வந்தார்கள். மாப்பிள்ளை கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார். வலது தோள் இறங்கியிருப்பது தெரியவே இல்லை. யாரும் சொல்லாமலே ஒருமுறை கும்பிடு போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

அந்த 40 நம்பர் கோட் என்ன ஆனது? மாப்பிள்ளையின் சித்தப்பா மகனுக்கு மார்பு சரியாக 40. தோளும் அகலம். கையை மட்டும் ஒரு இன்ச் குறைத்ததும், அவருக்கென்றே தைத்ததுபோல் உட்கார்ந்துவிட்டது. மேடையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கப்போகும் மாப்பிள்ளைத் தோழனுக்குக் கோட் தயார்.

கிளம்பும்போது டெய்லர் கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பக்கத் தையலிலும் முதுகுத் தையலிலும் கொஞ்சம் துணியை வெட்டாமல் உள்ளேயே மடித்துத் தைத்திருந்தார். பேன்ட் இடுப்பிலும் அப்படியே.

"இது எதுக்கு பெரியப்பா?"

"மாமியார் வீட்டு விருந்து இருக்குல்ல? ரெண்டு வருஷத்துல இடுப்பு ரெண்டு இன்ச் ஏறும். அப்போ இதைப் பிரிச்சு விட்டுக்கலாம்."

"நீங்களே பிரிச்சுக் குடுப்பீங்கல்ல?"

டெய்லர் கோட்டை ஹேங்கரில் மாட்டி, மேலே கவரைப் போட்டார். பிறகு அளவு நோட்டைத் திறந்து, மாப்பிள்ளையின் பக்கத்தில் நாளைய தேதியைக் குறித்துவைத்துக்கொண்டார்.

"அளவு இங்கேதான் இருக்கும். வாங்க" என்றார்.